சாரமும் சட்டமும்

காவிரிப் பாலத்தின் நடுவே நிற்பவருக்குத் தெற்கே ஓர் உயரமும் வடக்கே ஓர் உயரமும் தோன்றும். தெற்கே தோன்றுவது மலைக்கோட்டை. 273 அடி உயர்ந்த பாறை. வடக்கே தோன்றுவது திருவரங்கத்து இராசகோபுரம். 13 நிலைகளோடு 236 அடி உயர்ந்த கட்டடம். முன்னது இயற்கை தந்த உயரம். பின்னது மனிதர் எழுப்பிய உயரம். பாறையை உயர்த்த எவரும் ஏணியில் ஏறவில்லை. கோபுரத்தின் ஒவ்வோர் அடியையும் யாரோ ஒருவர் சாரத்தின்மேல் நின்று, காலுக்குக் கீழே காற்றைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், செங்கல்லும் சாந்துமாக உயர்த்தியிருக்கிறார்.

அவ்வாறு நிற்கும் மனிதரைக் காப்பதற்கென ஏற்பட்ட சட்டங்களின் வரலாற்றையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். கட்டுவித்த மன்னர்களைப் பற்றி நம் பாடநூல்கள் நிறையவே சொல்லுகின்றன. கட்டிய கைகளைப் பற்றி அவை அதிகம் சொல்வதில்லை. அந்தக் கைகளுக்குச் சட்டம் என்ன செய்தது? எப்போது செய்தது? செய்ததில் நன்மை எவ்வளவு, தொல்லை எவ்வளவு? தராசின் இரு தட்டுகளையும் பார்த்த பின்னரே தீர்ப்புச் சொல்வது வரலாற்று மாணவருக்கு அழகு. அவ்வழியே செல்வோம்.

கட்டடத்தைப் பற்றிய சட்டம் மிகப் பழையது. ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட அம்முராபி என்னும் மன்னன் கல்லில் பொறித்து வைத்த சட்டங்களுள் ஒன்று, வீடு இடிந்து வீட்டுக்காரன் இறந்தால் கட்டியவனுக்கு மரண தண்டனை என்கிறது. கடுமையான சட்டந்தான். ஆயினும் அதன் அக்கறை எவர்மீது என்று கவனியுங்கள். வீட்டில் குடியிருப்பவனை அது காத்தது. கட்டும்போதே தவறி விழுகிற கூலியாளின் பாதுகாப்பு அதன் நோக்கமன்று. கட்டடம் விழக்கூடாது என்ற கவலை மனித குலத்துக்கு முதலில் வந்தது. கட்டுகிறவர் விழக்கூடாது என்ற கவலை மிகமிகப் பின்னால் வந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைக்கலாகாது என்றும், ஆபத்தான இயந்திரங்களைச் சுற்றி வேலி அமைக்க வேண்டும் என்றும் அது விதித்தது. இதை இந்தியர் எல்லாரும் வரவேற்றனர் என்று எண்ணிவிடாதீர்கள். பம்பாய் ஆலைகளின் போட்டியைக் கண்டு அஞ்சிய இங்கிலாந்தின் லங்காசயர் ஆலை முதலாளிகள் இத்தகைய சட்டம் வேண்டுமென்று வற்புறுத்தி வந்தார்கள். ஆகவே, தொழிலாளியின் பெயரால் இந்தியத் தொழிலை ஒடுக்கும் சூழ்ச்சி இது என்று அன்றைய தேசியவாதிகள் பலர் எதிர்த்தனர். அந்த ஐயத்துக்கு இடமிருந்தது. ஆனால் வேலியிட்ட இயந்திரம் ஒருவனது கையைக் காப்பாற்றியபோது, அந்த வேலி எவருடைய தன்னலத்தால் வந்தது என்று அந்தக் கை கேட்கவில்லை. சட்டத்தின் பிறப்பு வேறு, பயன் வேறு என்னும் பாடத்தை வரலாறு இங்கே முதன்முதலாகக் கற்பிக்கிறது.

1881ஆம் ஆண்டுச் சட்டம் 100 பேர் வேலை செய்யும் ஆலைகளுக்கே பொருந்தியது. 1891இல் அந்த எண்ணிக்கை 50 ஆயிற்று. 1922இல் 20 ஆயிற்று. விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில், மின்விசை முதலியவற்றைப் பயன்படுத்தும் இடங்களில் 10 பேர் இருந்தாலே போதும் என்றாயிற்று. இந்த நான்கு எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் வாயில் முதலில் பெரிய ஆலைகளுக்கு மட்டுமே திறந்தது. பின்னர் படிப்படியாகச் சிறியவற்றுக்கும் திறந்தது.

திருச்சி மாணவர்கள் இதனைத் தம் ஊரிலேயே கண்ணால் காணலாம். தென்னிந்திய இருப்புப்பாதை நிறுவனம் நாகப்பட்டினத்தில் இருந்த தன் பணிமனையைப் பொன்மலைக்கு மாற்றியது; 1928இல் இங்கே பெரும் பணிமனை இயங்கத் தொடங்கிற்று. பின்னர் 1960களில் திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை எழுந்தது. இவ்விரண்டு ஆலைகளின் சுவர்களுக்குள்ளும் வேலை செய்தவர்களுக்குத் தொழிற்சாலைச் சட்டத்தின் காவல் இருந்தது. பற்றவைப்பவர் கண்ணுக்குக் கண்ணாடி, சுழலும் சக்கரத்துக்கு மூடி, வேலை நேரத்துக்கு வரம்பு, வந்து பார்க்க ஆய்வாளர் என எல்லாம் சட்டத்தில் இருந்தன.

ஆனால் அந்தச் சுவர்களை எழுப்பியவர்கள் நிலை என்ன? கொட்டகையின் உச்சியில் இரும்புச் சட்டங்களைப் பொருத்தியவர்களும், அடித்தளம் தோண்டியவர்களும், சாந்துச் சட்டி சுமந்த பெண்களும் எந்தச் சட்டத்தின் நிழலில் நின்றார்கள்? ஆலை, ஆலையாகும் முன்னர் அது வெறும் கட்டுமான இடம். கட்டுமான இடம் தொழிற்சாலைச் சட்டத்தின் பொருளில் தொழிற்சாலை அன்று. சுவருக்கு உள்ளே வந்தவருக்குச் சட்டம் உண்டு. சுவரைக் கட்டியவருக்கு அந்தச் சட்டம் இல்லை. இதுவே நம் கட்டுமானத் தொழிலாளர் வரலாற்றின் நடுநாயகமான செய்தி.

இஃது ஏன் இவ்வாறு ஆயிற்று? ஆலை ஓரிடத்தில் நிற்பது. அதற்கு ஒரு முதலாளி, ஒரு வாயில், ஒரு வருகைப் பதிவேடு உண்டு. ஆய்வாளர் வந்தால் பார்க்கலாம். கட்டுமானமோ இன்று ஓரிடம், நாளை வேறிடம். வேலை முடிந்தவுடன் வேலை நடந்த இடமே மறைந்துவிடுகிறது. மேலும், வீட்டுக்காரர் ஒப்பந்தக்காரரைக் காட்டுவார். ஒப்பந்தக்காரர் மேஸ்திரியைக் காட்டுவார். மேஸ்திரி, அந்த ஆளை நேற்றுத்தான் அழைத்து வந்தேன் என்பார். பொறுப்பு ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குச் செங்கல்லைப்போல் மாறிக்கொண்டே போகும். கடைசியில் அதைப் பிடிக்க ஒருவரும் இருக்கமாட்டார்.

கட்டுமானத் தொழிலாளிக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1923ஆம் ஆண்டில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. உயர்ந்த கட்டடங்களிலும் பாலங்களிலும் வேலை செய்து காயமுற்றவருக்கோ, இறந்தவரின் குடும்பத்துக்கோ பணம் தரவேண்டும் என்று அது விதித்தது. கூலி பற்றிய சட்டங்களும் பிற்பாடு வந்தன. ஆயினும் இழப்பீடு என்பது விபத்துக்குப் பின் வருவது. விபத்தே நேராமல் தடுக்க, சாரம் எப்படிக் கட்டவேண்டும், பள்ளத்தின் பக்கங்களுக்கு எப்படி முட்டுக் கொடுக்கவேண்டும், உயரத்தில் நிற்பவர் எதைப் பற்றி நிற்கவேண்டும் என்று கட்டுமானத்துக்கெனவே நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது 1996ஆம் ஆண்டில்தான். விழுந்தவருக்குப் பணம் தரும் சட்டத்துக்கும் விழாமல் காக்கும் சட்டத்துக்கும் இடையே 73 ஆண்டுகள் ஓடின.

அந்த இடைவெளியின் பொருளை இயற்பியல் படித்த மாணவர்கள் கணக்கிட்டே அறியலாம். 20 அடி உயரம் என்பது ஒரு மாடி வீட்டின் உயரத்தை ஒட்டியது. அங்கிருந்து தவறுபவர் நிலத்தை அடைய ஒரு விநாடிக்குச் சற்று அதிகமாகும். அப்போது அவர் வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர். ஒரு விநாடிக்குள் கூவலாம். வேறொன்றும் செய்ய இயலாது. கோபுர உச்சியான 236 அடியிலிருந்து ஒரு செங்கல் நழுவினால், காற்றின் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், நான்கு விநாடிக்குள் மணிக்கு 135 கிலோமீட்டர் வேகத்தில் கீழே வந்து சேரும். கீழே நிற்பவரின் அனுபவமோ திறமையோ அந்த வேகத்தின்முன் பயன்படாது. முன்கூட்டியே செய்த ஏற்பாடு ஒன்றே பயன்படும். முன்கூட்டியே செய்ய வைப்பதுதான் சட்டத்தின் வேலை.

இனி இராசகோபுரத்துக்கு வருவோம். விசயநகர மன்னர் அச்சுததேவராயர் காலத்தில் தொடங்கப்பெற்று அடித்தளத்தோடு நின்றுபோன அது, ஏறத்தாழ 400 ஆண்டுகள் மொட்டைக் கோபுரமாகவே இருந்தது. அகோபில மடத்தின் 44ஆம் பட்டத்து அழகியசிங்கர் முயற்சியால் 1979இல் பணி மீண்டும் தொடங்கியது. 1987ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் குடமுழுக்கு நடைபெற்றது. எட்டு ஆண்டுகளில் 13 நிலைகள் எழுந்தன. நிலைக்கு நிலை கொடை தந்தவர்களை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. அந்த எட்டு ஆண்டுகளையும் நான் வேறொரு கோணத்தில் பார்க்கிறேன். தென்னகத்தின் தலைசிறந்த உயரம் ஒன்று எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான், கட்டுமானத் தொழிலாளருக்குச் சட்டம் வேண்டும் என்ற குரலும் தமிழகத்தில் எழுந்துகொண்டிருந்தது.

1982இல் தமிழ்நாடு சட்டமன்றம் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. 1980களின் நடுவில், முன்னாள் உச்சநீதிமன்ற நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் முதலானோர் முன்னிற்க, கட்டுமானத் தொழிலாளருக்கு நாடு தழுவிய சட்டம் வேண்டும் என்ற இயக்கம் வளர்ந்தது; தமிழ்நாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் சங்கங்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. 1994இல் தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர்களுக்கென நலத் திட்டமும் வாரியமும் அமைந்தன. இறுதியாக 1996இல், கட்டடம் மற்றும் இதர கட்டுமானத் தொழிலாளர் சட்டமும், அதனோடு நலவரிச் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. கோபுரம் முடிந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் சட்டம் வந்தது.

சட்டம் சொன்னவை எவை? 10 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் கட்டுமான இடங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்றது. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 500 பேர் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு அலுவலரும் பாதுகாப்புக் குழுவும் வேண்டும் என்றது. 1998இல் வந்த மத்திய அரசு விதிகள் சாரம், ஏணி, தூக்கி, பள்ளம், தலைக்கவசம், பாதுகாப்பு வலை என ஒவ்வொன்றுக்கும் விரிவான நெறிகளை வகுத்தன. கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒரு பங்கு நலவரியாகப் பெற்றுத் தொழிலாளரின் நலத்துக்குச் செலவிட வழி செய்யப்பட்டது.

இவற்றால் விளையும் நன்மைகளை முதலில் எண்ணுவோம். அதற்கு உலக வரலாற்றிலிருந்து தெளிவான ஒரு சான்று உண்டு. அமெரிக்காவில் சான் பிரான்சிசுகோ நகரின் கோல்டன் கேட் பாலம் 1933 முதல் 1937 வரை கட்டப்பட்டது. அக்காலத்தில் பத்து இலட்சம் டாலர் வேலைக்கு ஓர் உயிர் போகும் என்பதையே கட்டுமானத் தொழிலின் கணக்காக வைத்திருந்தனர். இந்தப் பாலமோ மூன்றரைக் கோடி டாலர் வேலை. தலைமைப் பொறியாளர் சோசப்பு இசுட்ராசு அந்தக் கணக்கை ஏற்கவில்லை. 1,30,000 டாலருக்கு மேல் செலவிட்டுப் பாலத்தின் அடியில் நெடுகப் பாதுகாப்பு வலை விரித்தார், தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கினார். தவறி விழுந்த 19 பேரை அந்த வலை ஏந்திக்கொண்டது. 35 உயிர் போகும் என்று எதிர்பார்க்கப்பட்ட வேலையில் 11 உயிர் போயிற்று. ஒரு நெறியின் பயனை இதைவிடத் தெளிவாக எண்ணிக் காட்ட முடியுமா?

இரண்டாவது நன்மை, நேர்மையான ஒப்பந்தக்காரருக்கு உரியது. சட்டம் இல்லாத இடத்தில் நல்ல சாரம் கட்டுபவருக்குச் செலவு கூடும்; ஒப்பந்தம் குறைந்த விலை கேட்டவருக்கே போகும். நல்லவர் நட்டமடைவார், அல்லது நல்லவராக இருப்பதை விட்டுவிடுவார். எல்லாரும் வலை கட்டியே தீரவேண்டும் என்று சட்டம் சொன்னால், வலையின் செலவு எல்லாருடைய கணக்கிலும் ஏறும். உயிரைக் குறைத்து விலையைக் குறைக்கும் போட்டி ஒழியும்.

மூன்றாவது நன்மை, கேட்கும் உரிமை. சட்டம் இல்லாதபோது, கைப்பிடி இல்லாத சாரத்தில் ஏறமாட்டேன் என்று சொல்லும் சித்தாள் அடங்காதவர் என்று பெயர் பெறுவார். சட்டம் இருக்கும்போது அதே சொல் முறையீடு ஆகிறது.

இனி அடுத்த தட்டைப் பார்ப்போம். இங்கும் கனம் குறைவில்லை.

முதலாவது தொல்லை, எண்ணிக்கையின் கோடு. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் 10 பேருக்குக் குறைந்த இடம் கணக்கில் வரவில்லை. தன் குடியிருப்புக்காக ஒருவர் 10 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டுக் கட்டும் வீடும் விலக்குப் பெற்றது. இதற்கு நியாயம் உண்டு. தங்கைக்கு ஓர் அறை சேர்த்துக் கட்டும் எளிய குடும்பத்தைப் பதிவேட்டோடும் ஆய்வாளரோடும் மல்லுக்கு நிற்கச் சொல்வது கொடுமை. ஆனால் திருவரங்கத்துச் சித்திரை வீதிகளிலும் உத்தர வீதிகளிலும், தில்லைநகரிலும் உறையூரிலும் நடக்கும் வேலைகளைப் பாருங்கள். ஒரு மேஸ்திரி, இரண்டு கொத்தனார், மூன்று சித்தாள் என்று ஆறு பேர் நிற்கும் இடங்களே எங்கும் தென்படும். 20 அடி உயரம் பெரிய கட்டடத்தில் எவ்வளவு ஆழமோ சிறிய வீட்டிலும் அவ்வளவே ஆழம். நிலம் ஆளை எண்ணிப் பார்த்து அடிப்பதில்லை. மேலும் 12 பேர் வேலையை ஆறு ஆறு பேராக இரண்டு மேஸ்திரிகளிடம் பிரித்துக் கொடுத்தால் சட்டத்தின் கோட்டுக்குக் கீழே நழுவிவிடலாம். காக்க வந்த கோடே ஒளிவதற்கு இடமாவதும் உண்டு.

இரண்டாவது தொல்லை, வேற்றிடத்து வழக்கத்தைப் பார்த்து எழுதிய விதி. தலைக்கவசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வரலாற்றில் தொழிலாளியின் அறிவுக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவில் 1930களில் ஊவர் அணையைக் கட்டியபோது, பாறைத் துண்டுகள் தலையில் விழுவதைத் தாங்கத் தொழிலாளர்களே துணித் தொப்பிகளைத் தாரில் தோய்த்துக் காயவைத்து அணிந்தனர். அதன் பயனைக் கண்ட பிறகே நிறுவனம் உறுதியான கவசங்களை வரவழைத்தது. அங்கே சுமையைத் தூக்கியது இயந்திரம். நம் நாட்டிலோ சுமை இன்னும் பல இடங்களில் பெண்களின் தலைமேல் செல்கிறது. சும்மாடு கட்டி அதன்மேல் சாந்துச் சட்டி ஏற்றும் சித்தாள் தலைக்கவசத்தை எங்கே அணிவார்? கவசம் அணிக என்ற விதி அவரிடம் வரும்போது, விதியை மீறுவதா வேலையை இழப்பதா என்ற கேள்வியாக மாறுகிறது. அந்தச் சுமையைத் தலையிலிருந்து இறக்கிக் கப்பியிலோ தூக்கியிலோ ஏற்றினாலன்றி விதிக்கு அங்கே பொருளில்லை.

மூன்றாவது தொல்லை, கூலி முறைக்கும் விதிக்கும் உள்ள பகை. திருவரங்கத்தில் நான் அறிந்த முதிய கொத்தனார் ஒருவரிடம், இடுப்பில் பாதுகாப்புப் பட்டை கட்டிக்கொள்ளாதது ஏன் என்று ஒருமுறை கேட்டேன். பூச்சு வேலைக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி என்றும், பட்டையை ஒவ்வோர் இடத்திலும் அவிழ்த்து மாட்ட ஆகும் நேரத்துக்கு எவரும் கூலி தருவதில்லை என்றும் அவர் அமைதியாகச் சொன்னார். அவருடைய கணக்கில் பிழை இல்லை. பாதுகாப்புக்கு ஆகும் நேரத்தின் செலவை ஏழை தன் கூலியிலிருந்து கொடுக்க வேண்டியிருந்தால், அவர் பாதுகாப்பை வாங்கமாட்டார். அதுமட்டுமன்று, 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின்படி, கொடுக்கப்பட்ட பாதுகாப்புக் கருவியைத் தொழிலாளி வேண்டுமென்றே புறக்கணித்தால், மரணம் நேராத காயங்களுக்கு முதலாளி இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து விலக இடமிருந்தது. பட்டை கொடுத்தேன், அவர் கட்டவில்லை என்ற ஒரு சொல் போதும். தொழிலாளிக்குக் கேடயமாக வந்த விதி முதலாளிக்குக் கேடயமாக மாறிவிடும்.

நான்காவது தொல்லை, தாளில் நிற்கும் சட்டம். 2014ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள் சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டி முடியும் தறுவாயில் இருந்த 11 மாடிக் கட்டடம் மழை நாளில் சரிந்து விழுந்தது. 61 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைப்புக்காக வந்தவர்கள். அது திட்ட அனுமதி பெற்ற கட்டடம். முத்திரை பதித்த தாள் இருந்தது. சுமையைத் தாங்கும் வலிமை தூண்களுக்கு இல்லை. அதன் இணைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2ஆம் நாள் வெடிவைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. தலைக்கவசமும் இடுப்புப் பட்டையும் 11 மாடிகள் சரியும்போது என்ன செய்யும்?

நலவரியின் கதையும் இத்தகையதே. 2018 மார்ச்சு 19ஆம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பில், கட்டுமானத் தொழிலாளருக்கென நாடு முழுவதும் 37,400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டப்பட்டிருந்தும், ஏறத்தாழ 9,500 கோடி ரூபாயே செலவிடப்பட்டிருந்தது என்று சுட்டிக்காட்டியது. ஊர் ஊராகச் செல்லும் தொழிலாளி, 90 நாள் வேலை செய்ததற்குச் சான்று காட்டிப் பதிவு செய்துகொள்வது எளிதன்று. பணம் வாரியத்தில் இருந்தது. உரியவர் சாரத்தில் இருந்தார். இரண்டுக்கும் இடையே ஏணி இல்லை.

ஐந்தாவது தொல்லை நுட்பமானது. கோல்டன் கேட் பாலத்தின் வலையைப் புகழ்ந்தேன் அல்லவா? அதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 1937 பிப்பிரவரி 17ஆம் நாள், வேலையாட்கள் நின்ற கனத்த மேடை ஒன்று பிடி கழன்று வலையின்மேல் விழுந்தது. மனிதரை ஏந்த நெய்த வலை மேடையை ஏந்தவில்லை, கிழிந்தது. ஒரே நாளில் 10 பேர் மாண்டனர். பாலத்தில் இறந்த 11 பேரில் 10 பேர் வலை இருக்கும்போதே இறந்தவர்கள். ஒரு காப்பு இருக்கிறதென்று மற்றதைச் சோதிக்காமல் விடும் மனநிலை ஆபத்தானது. விதியைப் பின்பற்றிவிட்டோம் என்ற நிறைவு, ஆபத்து நீங்கிவிட்டது என்ற நிறைவாகிவிடக் கூடாது.

தராசின் இரு தட்டுகளும் இப்போது நம் முன்னே உள்ளன. எது தாழ்கிறது? தொல்லைகளின் பட்டியல் நீளமாக இருப்பதால் அத்தட்டே கனமானது என்று முடிவு கட்டிவிடலாகாது. சற்று உற்றுப் பாருங்கள். நான் சொன்ன ஐந்து தொல்லைகளில், பாதுகாப்பு மிகுந்ததால் வந்தது எது? ஒன்றுமில்லை. கோடு உயரத்தில் இருந்ததால் ஒரு தொல்லை. வேலையைப் பார்க்காமல் விதி எழுதியதால் ஒரு தொல்லை. செலவைத் தவறான தோளில் ஏற்றியதால் ஒரு தொல்லை. தாளோடு நின்றதால் ஒரு தொல்லை. ஒரு காப்பை நம்பி மறு காப்பை மறந்ததால் ஒரு தொல்லை. இவை சட்டம் வேண்டாம் என்பதற்குச் சான்று அல்ல. சட்டம் சுவரைத் தாண்டி இன்னும் முழுமையாக வெளியே வரவில்லை என்பதற்கே சான்று.

அண்மைய வரலாறும் இந்த இரு போக்கையும் காட்டுகிறது. 2020ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் பல பழைய சட்டங்களை ஒன்றாக்கித் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் பற்றிய தொகுப்புச் சட்டத்தை இயற்றியது. 2025 நவம்பர் 21ஆம் நாள் அது நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. 1996ஆம் ஆண்டுச் சட்டமும் 1948ஆம் ஆண்டுச் சட்டமும் இதனுள் அடங்கின. பாதுகாப்பு அலுவலர் வேண்டும் என்பதற்கான எண்ணிக்கை, கட்டுமான இடங்களில் 500 பேரிலிருந்து 250 பேராகக் குறைக்கப்பட்டது. இது வாயிலை அகலமாக்கிய செயல். அதே வேளையில், சொந்தக் குடியிருப்புக்கான விலக்கு 10 இலட்சத்திலிருந்து 50 இலட்சமாக உயர்ந்தது. இது வாயிலைக் குறுக்கிய செயல். கால் நூற்றாண்டில் விலைவாசி ஏறியது உண்மைதான். எனினும் 50 இலட்சத்தில் எழும் வீடு ஒரு மாடிக்கு மேலும் உயரக்கூடும் என்பதையும் மறக்கலாகாது. தொழிற்சாலைகளுக்கு 100, 50, 20, 10 என்று இறங்கி வந்த கோட்டைப் போலச் சிறிய வீடுகளின் கோடும் இறங்குமா என்பது உங்கள் தலைமுறை விடை காணவேண்டிய வினா.

அதற்குள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. சாரத்தின் இயல்பை நினைத்துப் பாருங்கள். சாரம் தானே நிற்பதில்லை. சுவரோடு பிணைத்தால்தான் நிற்கும். சட்டமும் அவ்வாறே ஒரு மனிதரோடு பிணைந்தால்தான் நிற்கும். அந்த மனிதர், வேலை நடக்கும் இடத்தில் நின்று, இது சரியில்லை, நிறுத்துங்கள் என்று சொல்லக்கூடியவராகவும், சொன்னால் கேட்கப்படுகிறவராகவும் இருக்க வேண்டும். ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறை வரலாம், வராமலும் போகலாம். மேஸ்திரி அன்றாடம் இருக்கிறார். வீட்டுக்காரர் அன்றாடம் வந்து பார்க்கிறார். பொறியாளர் வாரம் ஒருமுறையேனும் வருகிறார்.

இந்த ஊரின் கல்லூரிகளில் கட்டடப் பொறியியல் பயிலும் மாணவர்களே, நாளை அந்தப் பொறியாளர் நீங்கள். பொறியியல் பயிலாத மாணவர்களே, நாளை அந்த வீட்டுக்காரர் நீங்கள். மதிப்பீடு எழுதும்போது செங்கல்லுக்கும் சிமென்டுக்கும் கம்பிக்கும் ஒரு வரி எழுதுவீர்கள். நல்ல சாரத்துக்கும், கைப்பிடிக்கும், பட்டையை மாட்ட ஆகும் நேரத்தின் கூலிக்கும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். ஆறு பேர் வேலை செய்யும் வீட்டுக்கு அந்த வரியை எழுதச் சொல்லும் சட்டம் இன்னும் வரவில்லை. எழுத வேண்டாம் என்று தடுக்கும் சட்டமும் இல்லை.